ஈரக் கால்களின் கணக்கு

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ-15 வீதியில் வாழைச்சேனையைத் தாண்டினால் காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று கரையோர ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் வாவியும் பற்றைக்காடும் வயலும். மாங்கேணி போன்ற ஊரில் மனிதரின் கால் இரண்டு வழிகளில் நனைகிறது. வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை எறிபவரும், மாரி மழையோடு வயலில் இறங்குபவரும் வெளியிலிருந்து நனைகிறார்கள். காலை ஏழரை மணிக்குச் சப்பாத்தும் காலுறையும் போட்டுக்கொண்டு வகுப்பறையில் உட்காரும் பிள்ளை தன் வியர்வையால் உள்ளிருந்து நனைகிறது. இவர்களுக்குள் பொதுவாக எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் கால் நாற்றம் என்று வரும்போது இருவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். பாதம் ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் ஈரமாக இருக்கிறது என்பதே அந்த விதி. அழுக்கு, சோம்பல், வளர்ப்பு என்று நாம் சுமத்தும் குற்றங்களைவிட இந்த ஒரு கணக்கு நாற்றத்தை நன்றாக விளக்குகிறது. அதைப் போக்கும் வழியையும் காட்டுகிறது.

இதைப் பேச வேண்டிய தேவை நமது சமூகத்தில் கூடுதலாக இருக்கிறது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகும்போது நாம் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றுகிறோம். நாள் முழுவதும் சப்பாத்தோடு திரியும் நாடுகளில் மறைந்து கிடக்கும் ஒன்று, நம்மிடையே பலர் முன்னிலையில் வெளிப்படுகிறது. பதின்வயதுப் பிள்ளை நண்பன் வீட்டுக்குள் நுழையத் தயங்குவதும், ஒருவர் பாயில் கால் மடக்கி உட்கார மறுத்து வெளியே நிற்பதும் இதனால்தான். அந்தக் கூச்சத்தை வளர்த்தவர்கள் நாம். அதற்குக் காரணமான உயிரியலைச் சொல்லிக்கொடுக்க மட்டும் மறந்துவிட்டோம்.

முதலில் வியர்வையின் மீதுள்ள பழியை நீக்குவோம். உள்ளங்காலில் ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் சில நூறு வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. முதுகிலோ தொடையிலோ இருப்பதைவிட இது பல மடங்கு நெருக்கம். இவை எக்ரைன் வகைச் சுரப்பிகள். இவை விடும் வியர்வையில் ஏறத்தாழ 99 வீதம் தண்ணீர். மிகுதி உப்பும் சிறிதளவு யூரியா, லக்டிக் அமிலம், அமினோ அமிலங்களும்தான். சுரந்த கணத்தில் அதற்கு மணம் கிடையாது. அக்குளில் இருக்கும் வேறு வகைச் சுரப்பி பாதத்தில் இல்லை. எண்ணெய்ச் சுரப்பியும் உள்ளங்காலில் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடலின் மற்ற இடங்கள் முக்கியமாக வெப்பத்துக்கு வியர்க்கின்றன; உள்ளங்கையும் உள்ளங்காலும் பயத்துக்கும் பதற்றத்துக்கும்கூட வியர்க்கின்றன. பரீட்சை மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காலுறை நனைவது அதனால்தான். பதின்வயதில் வியர்வை கூடுவதும் உடலின் இயல்பு. இதில் பிள்ளையைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை ஆய்வுகூடத்தில் கிடைத்தது. ஜப்பானின் ஷிசெய்டோ நிறுவன ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில், கால் நாற்றம் கடுமையாக உள்ளவர்களின் பாதங்களில் ஐசோவலரிக் அமிலம் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலத்தை முக்கிய காரணியாக இனங்கண்டார்கள். 2006இல் அதே நாட்டின் காவோ நிறுவன ஆய்வாளர்கள் அடுத்த படியைக் காட்டினார்கள். நமது தோலில் எப்போதும் வாழும் ஸ்டெபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பற்றீரியா, வியர்வையிலும் தோலிலும் உள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து அந்த அமிலத்தை உண்டாக்குகிறது. நாற்றம் கடுமையாக இருந்தவர்களின் கால்களில் பசிலஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பற்றீரியாவும் காணப்பட்டது. முற்றிலும் வேறு திசையிலிருந்தும் இதற்கு ஒரு சான்று உண்டு. லியூசினைச் சிதைக்கும் நொதியம் ஒன்று பிறவியிலேயே குறைவான குழந்தைகளின் உடலில் இதே அமிலம் தேங்குகிறது. 1966இல் மருத்துவ உலகம் அந்த நோயை விவரித்தபோது, அதன் அடையாளங்களில் ஒன்றாகக் குறித்தது வியர்த்த காலின் மணத்தை. சப்பாத்தே அணியாத பச்சைக் குழந்தையிடம் அந்த மணம் வருகிறது. ஆகவே அது ஒரு மூலக்கூறின் மணம். மனிதரின் குணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பற்றீரியாவின் பங்கை நுளம்புகளும் உறுதிப்படுத்தின. ஆபிரிக்காவில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் காம்பியே நுளம்பு கணுக்காலையும் பாதத்தையும் தேடிக் கடிப்பதை 1990களில் டச்சு ஆய்வாளர் பார்ட் நோல்ஸும் அவரது சகாவும் கவனித்தார்கள். கிருமிகொல்லிச் சவர்க்காரத்தால் காலைக் கழுவிய பிறகு அந்தத் தேர்வு கலைந்து, கடிகள் உடலெங்கும் பரவின. லிம்பேர்கர் என்ற பாற்கட்டியின் மணமும் அந்த நுளம்பை ஈர்த்தது. அந்தப் பாற்கட்டியைப் பழுக்க வைக்கும் பிரெவிபக்டீரியம் இனத்தின் நெருங்கிய உறவினம் ஒன்று மனிதத் தோலிலும் வாழ்கிறது. மெதியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து கந்தகம் கலந்த, அழுகல் மணமுள்ள ஆவிகளை எழுப்பும் ஆற்றல் இந்த இனத்துக்கு உண்டு. புளித்த மணம் ஓரிடத்திலும் அழுகல் மணம் இன்னோரிடத்திலும் வீசுவது, எந்தப் பற்றீரியா ஓங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆக, நாற்றம் உண்டாக மூன்று பொருட்கள் சேர வேண்டும்: பற்றீரியா, அதன் உணவு, தண்ணீர். இவற்றில் எதை நீக்கலாம்? உணவை நீக்க முடியாது. உள்ளங்காலின் இறந்த மேற்தோல் உடலின் வேறெந்த இடத்திலும் இல்லாத அளவு தடிப்பானது. கெரற்றின் என்ற புரதத்தால் ஆனது. நாள்தோறும் புதிதாக வளர்வது. குதியைத் தேய்த்தால் குறையுமே தவிரத் தீராது. பற்றீரியாவை முற்றாக அழிக்கவும் முடியாது. அழித்தாலும் சில மணித்தியாலத்தில் அயல் தோலிலிருந்தும் சப்பாத்திலிருந்தும் திரும்ப வந்துவிடும். ஸ்டெபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ் கொடிய கிருமிகளுக்கு இடம் கொடாமல் தோலைக் காக்கும் குடியிருப்பாளரும்கூட. அதை ஒழிக்க நினைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. மிஞ்சுவது தண்ணீர். உலர்ந்த தோலில் பற்றீரியா அளவோடு வாழ்கிறது. ஈரத்தில் ஊறிய தோலில் பெருகுகிறது, அதன் நொதியங்களும் வேலை செய்கின்றன. நாற்றம் கூடிய பாதங்களையும் குறைந்த பாதங்களையும் ஒப்பிட்டு 1988இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றில், நாற்றம் கூடிய பாதங்களில் பற்றீரியாவின் செறிவு அதிகமாக இருந்தது. இரு சாராரிடமும் பற்றீரியா இருக்கவே செய்தது. வேறுபாடு தொகையில். தொகையைத் தீர்மானிக்கும் காரணிகளில் நம் கைக்கு எட்டுவது ஈரம் ஒன்றே.

இந்தக் கண்ணோடு ஒரு பாடசாலைச் சப்பாத்தை எடுத்துப் பார்ப்போம். மேலே துணி அல்லது செயற்கைத் தோல், அடியில் இறப்பர், உள்ளே பஞ்சு போன்ற ஒரு மெத்தை. இறப்பர் அடிவழியாக நீராவி போகாது. செயற்கைத் தோல் மேற்பக்கத்தையும் மூடிவிடுகிறது. நைலோன் காலுறை வியர்வையை உறிஞ்சாமல் தோலோடேயே வைத்திருக்கிறது. காலை ஏழரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை ஆறு மணித்தியாலம், போக வர நடையும் விளையாட்டும் சேர்ந்தால் இன்னும் கூட. கழற்றும்போது மெத்தையில் விரல் பதியும் ஐந்து இடங்களும் குதி அழுந்தும் இடமும் கறுத்து, தொட்டால் குளிர்ந்திருக்கும். தோல் செதில்கள் அங்கேதான் வியர்வையோடு சேர்ந்து அடையாகப் படிகின்றன. இரண்டு மணிக்குக் கழற்றிய சப்பாத்துக்கு மறுநாள் காலை ஏழு மணிவரை 17 மணித்தியால ஓய்வு இருக்கிறது. அந்த நேரத்தில் அது உலரலாம். ஆனால் காலுறையைச் சுருட்டி உள்ளே திணித்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால், கரையோரத்தின் ஈரக் காற்றில் அந்த 17 மணித்தியாலமும் பற்றீரியாவுக்குப் போய்ச் சேர்கிறது. மறுநாள் கழுவிய கால் நேற்றைய ஈரத்துக்குள் நுழைகிறது. தினமும் குளிக்கும் பிள்ளைக்கும் நாற்றம் தீராத மர்மம் இதுதான்.

இங்கே ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: சப்பாத்துத்தான் குற்றவாளி என்றால் வெறுங்காலோடு அல்லது பாட்டாச் செருப்போடு திரிந்தால் போதாதா, நம் முன்னோர் அப்படித்தானே வாழ்ந்தார்கள்? இதற்குப் பதில் இலங்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இத்தாலியரான அல்டோ கஸ்டெல்லானி 1903இல் கொழும்புக்கு வந்து, இன்று மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமாக வளர்ந்திருக்கும் பற்றீரியவியல் நிலையத்தைப் பொறுப்பேற்றவர். பறங்கிப்புண் என்ற யோஸ் நோயின் கிருமியை 1905இல் இனங்கண்டவரும் அவரே. 1910இல் அவர் இன்னொரு நோயை விவரித்தார். மழைக்காலத்தில் வெறுங்காலோடு திரிந்த இலங்கை மக்களின் உள்ளங்காலில் கிண்ணம் கிண்ணமாகச் சிறு குழிகள் விழுவதைக் கண்டு, அதற்குக் கெரற்றோமா பிளான்ராரே சல்கேற்றம் என்று இலத்தீனில் பெயரிட்டார். 1930இல் கல்கத்தாவிலிருந்தும் அதே நோய் பற்றி ஓர் அறிக்கை வந்தது. 1960களில் அதற்குக் குழிக் கெரற்றின் சிதைவு என்ற பொருளுடைய பெயர் நிலைத்தது. இன்று சப்பாத்து அணிபவரிடம் சகிக்க முடியாத கால் நாற்றத்துக்குத் தோல் வைத்தியர்கள் அடிக்கடி காணும் காரணங்களில் அது ஒன்று.

அந்தக் குழிகளை யாரும் தம் காலிலேயே தேடிப் பார்க்கலாம். குதியும், விரல்களுக்குப் பின்னால் அழுந்தும் பந்துப் பகுதியும் அவை விழும் இடங்கள். கூரான கருவியால் குத்தி எடுத்தது போன்ற குழிகள். ஒரு மில்லிமீற்றரில் தொடங்கிச் சில மில்லிமீற்றர் அகலம் வரை போகும். சில ஒன்றோடொன்று சேர்ந்து வரைபடம் போல விரியும். உலர்ந்த காலில் அவை மறைந்திருக்கும். பத்து நிமிடம் தண்ணீரில் வைத்தால் தோல் வெளுத்து ஊத, குழிகள் பளிச்சென்று தெரியும். பலருக்கு வலி இருக்காது. காலுறை உள்ளங்காலில் ஒட்டிக்கொள்வதும் நாற்றமும்தான் அறிகுறி. கைற்றோகொக்கஸ் செடென்ராரியஸ், கொரினெபக்டீரியம் போன்ற பற்றீரியாக்கள் கெரற்றினைக் கரைக்கும் நொதியங்களை விட்டுத் தோலைத் தின்பதால் குழி விழுகிறது. தின்னும்போது வெளிவரும் கந்தகச் சேர்மங்களே வெடிலுக்குக் காரணம். கஸ்டெல்லானி கண்ட நோயாளிகள் சப்பாத்துப் போட்டவர்கள் இல்லை. வியட்நாம் போரில் நனைந்த பூட்சோடு வயல்களில் நாட்கணக்கில் நடந்த அமெரிக்கப் படையினருக்கும் இதே குழிகள் விழுந்தன. வெறுங்கால், பூட்ஸ் என்று காலணியில் நேர் எதிரான இரு கூட்டத்துக்கும் பொதுவாக இருந்தது நீங்காத ஈரம். பாட்டாச் செருப்பு நன்மை செய்வது காற்று படவிட்டுக் காலை உலர்த்துவதால். மழை வெள்ளத்தில் அதே செருப்போடு நாள் முழுக்க நடந்தால் அந்த நன்மையும் போய்விடும்.

கரையோர மக்களிடம் இன்னொரு நம்பிக்கை உண்டு: உப்புத் தண்ணீர் காலைச் சுத்தம் செய்யும், கடலில் நிற்பவனுக்கு நாற்றம் வராது. கடல்நீரில் அழுக்குக் கழுவப்படுவது உண்மைதான். ஆனால் உப்பு இந்தப் பற்றீரியாக்களைக் கொல்லும் என்பது பிழை. ஆய்வுகூடங்களில் ஸ்டெபிலோகொக்கஸை மற்றக் கிருமிகளிலிருந்து பிரித்தெடுக்க 7.5 வீதம் உப்புச் சேர்த்த ஊடகத்தையே பயன்படுத்துகிறார்கள்; வேறு பல கிருமிகள் அதில் வளராமல் நிற்க, இது மட்டும் தாராளமாக வளரும். கடல்நீரின் உப்பு ஏறத்தாழ 3.5 வீதம், வாவியில் மாரி காலத்தில் அதைவிடவும் குறைவு. வியர்வையின் உப்பிலேயே குடியிருக்கும் உயிரிகளை அந்த அளவு உப்பு அசைக்காது. அதைவிட, வாவியில் மணிக்கணக்கில் நிற்கும் கால் ஊறிப் போகிறது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது உப்பு நீரை நம்பி விட்டுவிடுவதைவிட மேல்.

இனி வீட்டு வைத்தியங்களுக்கு வருவோம். அவற்றை எல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளுவோரும் உண்டு, இயற்கையானது ஆகையால் தீங்கில்லை என்று அள்ளிப் பூசுவோரும் உண்டு. இரண்டும் ஆராயாத முடிவு. ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்போம்: இது ஈரத்தைக் குறைக்கிறதா, பற்றீரியாவை அடக்குகிறதா, அல்லது நாற்றத்தை மறைக்க மட்டும் செய்கிறதா? தேயிலை முதல் வகை. கடுஞ்சாயத்தில் உள்ள தனின்கள் புரதத்தோடு பிணைந்து தோலை இறுக்குகின்றன; துவர்ப்பு என்று நாக்கு உணர்வதும் அதே செயலைத்தான். இரண்டு மேசைக்கரண்டி தேயிலையைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தண்ணீர் கலந்து, நாளுக்கு 20, 30 நிமிடம் கால் வைத்து வந்தால் வியர்வை சிலருக்குக் குறைகிறது. இதற்கான சான்று பெரும்பாலும் அனுபவச் சான்று. ஆயினும் செயல்முறை நம்பத்தக்கது, செலவும் இல்லை. சீனாக்காரம் என்ற படிகாரம் இன்னும் வலுவான துவர்ப்பி. அது அலுமினிய உப்பு. வைத்தியர்கள் மிகு வியர்வைக்கு எழுதிக்கொடுக்கும் 20 வீத அலுமினியம் குளோரைட்டும் அதே குடும்பம். இரவில் உலர்ந்த காலில் பூசினால் வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைக்கிறது. வெடிப்போ புண்ணோ உள்ள காலில் இரண்டும் எரியும். அங்கே பூசக் கூடாது.

வினாகிரியும் அப்பச்சோடாவும் வேறு வகை. இவற்றைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் இரசாயனம் வேண்டும். ஐசோவலரிக் அமிலம் அமிலமாக இருக்கும்வரைதான் ஆவியாகி மூக்குக்கு வரும். காரச் சூழலில் அது உப்பாக மாறுகிறது, உப்பு ஆவியாகாது. அப்பச்சோடாக் கரைசலின் பி.எச். ஏறத்தாழ 8, அந்த அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவியாகும் வடிவில் மிஞ்சாது. சோடா தூவிய சப்பாத்தில் மணம் சட்டென்று அடங்குவது அதனால்தான். ஆனால் ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு அமிலத்தன்மையானது, பி.எச். 5ஐ ஒட்டியது. கெரற்றினைத் தின்னும் நொதியங்களோ காரத்தில் நன்றாக வேலை செய்பவை. சோடாவைத் தினமும் காலில் தேய்த்தால் இன்றைய மணத்தை அடக்கி நாளைய பற்றீரியாவுக்கு வழி திறக்கிறோம். வினாகிரி நேர் எதிர்: இருக்கும் மணத்தை உடனே அடக்காது, ஆனால் தோலை அமிலமாக வைத்துப் பற்றீரியாவின் பெருக்கத்தை மட்டுப்படுத்தும். எனவே சோடா சப்பாத்துக்கு, வினாகிரி காலுக்கு என்று பிரித்துக்கொள்வது அறிவுக்குப் பொருந்தும். ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து 10, 15 நிமிடம், வாரத்தில் சில நாட்கள் போதும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்குவதைக் கண்டு மகிழ்வது வீண். அந்த நுரை வெறும் காபனீரொட்சைட்டு, மிஞ்சுவது இரண்டின் பலனையும் இழந்த உப்புத் தண்ணீர்.

மூலிகைகளில் எலுமிச்சைப்புல்லுக்கு ஒரு சிறப்பான இடம் உண்டு. காவோ ஆய்வாளர்கள் சோதித்த பொருட்களில் சிட்ரல், சிட்ரொனெலால், ஜெரனியோல் என்ற மூன்றும், தோலின் வழக்கமான பற்றீரியாவைக் கொல்லாமலேயே ஐசோவலரிக் அமிலம் உண்டாவதைக் குறைந்த செறிவில் தடுத்தன. எலுமிச்சைப்புல்லின் எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரல்; தென்னிலங்கையில் நெடுங்காலமாக வடிக்கும் சிட்ரனெல்லா எண்ணெயில் மற்ற இரண்டும் இருக்கின்றன. நறுக்கிய புல்லைப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கால் கழுவுவதற்கு இதைவிட நல்ல நியாயம் தேவையில்லை. எண்ணெயை மட்டும் அப்படியே பூசக் கூடாது, தோல் பொசுங்கும். மருதோன்றி, மஞ்சள், வேப்பிலை மூன்றும் ஆய்வுகூடத் தட்டில் கிருமிகளையும் பங்கசுக்களையும் தடுத்திருக்கின்றன. ஆனால் தட்டில் கரைசல் கிருமியோடு நாள் முழுதும் கிடக்கிறது. காலில் பூசிய மஞ்சளோ தண்ணீரில் சரியாகக் கரையாமல் அரை மணியில் கழுவப்பட்டுவிடுகிறது. விரலிடைச் சேற்றுப்புண்ணுக்கு மருதோன்றி பூசி ஆறியவர்களில் பலருக்கு உதவியது, பூசிய பின் கால் நீட்டி உட்கார்ந்து உலரவிட்ட நேரமாகவும் இருக்கக்கூடும். வாசனைப் பவுடர் மூன்றாம் வகை. மணத்தை மறைக்கிறது, ஈரக் காலில் தூவினால் களியாகி விரலிடையில் தங்குகிறது.

இந்த வைத்தியங்கள் எல்லாம் துணைதான். முதன்மையான வேலை கழுவி உலர்த்துவது, அதில் நாம் செய்யும் பிழை உலர்த்துவதில்தான். குளிக்கும்போது உடம்பிலிருந்து வழியும் சவர்க்கார நீர் காலைக் கழுவிவிடும் என்று நினைக்கிறோம். அது பாதத்தின் மேற்புறத்தைத் தொட்டுப் போகிறது. விரலிடுக்கையும் உள்ளங்காலையும் கையால் தேய்க்காமல் படிந்த செதில் போகாது. கழுவியபின் துவாயின் நுனியை ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டுத் துடைக்க வேண்டும். நாலாம் விரலுக்கும் சின்ன விரலுக்கும் இடைப்பட்ட நெருக்கமான இடுக்குத்தான் எப்போதும் கடைசியாக உலர்வது, சேற்றுப்புண்ணும் அங்கேதான் தொடங்குகிறது. பிறகு ஐந்து நிமிடம் காற்று படவிட்டே காலுறை போட வேண்டும். வயலிலிருந்தும் வாவியிலிருந்தும் வருபவருக்கும் இதே முறை. தண்ணீரில் இறங்காமல் அவர்களால் பிழைக்க முடியாது. ஆனால் மாலையில் கழுவித் துடைத்த கால், இரவு முழுவதும் உலர்ந்து கிடந்தால் மேற்தோல் ஊதல் வற்றிப் பழைய உறுதியைப் பெறுகிறது. பகலில் சேர்ந்த ஈரக் கணக்கை இரவில் அடைத்துவிடலாம். அடைக்காமல் மறுநாளும் இறங்குவதுதான் குழியிலும் புண்ணிலும் முடிகிறது.

சப்பாத்தை மாறி மாறி அணியுங்கள், ஒன்று உலர மற்றது உதவும் என்று வெளிநாட்டு நூல்கள் சொல்லும். ஒரு சோடி வாங்குவதே பாடாக இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது என்ற மறுப்பு சரியானது. கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு அரசு தரும் சப்பாத்து வவுச்சரும் ஒரு சோடிக்குத்தான். ஆகவே அந்த ஒரு சோடிக்குரிய 17 மணித்தியாலத்தை முழுதாகப் பயன்படுத்துவோம். வீட்டுக்கு வந்ததும் நாடாவைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, மெத்தை கழன்றால் அதைத் தனியே எடுத்து, மிஞ்சிய வெயிலில் வாய் மேலிருக்க வைக்க வேண்டும். வெயிலின் வெப்பம் ஈரத்தை ஓட்டுகிறது, புறஊதாக் கதிர் மேற்பரப்புக் கிருமிகளைக் குறைக்கிறது. மாரியில் வெயில் இல்லாத நாட்களில் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, படுக்கப் போகுமுன் ஒருமுறை மாற்றினால் பெரும்பகுதி ஈரத்தைத் தாள் உறிஞ்சிவிடும். சப்பாத்து ஒன்றானாலும் காலுறை மூன்று சோடி இருக்கட்டும். செலவு குறைவு, பலன் பெரிது. பருத்தி கூடிய காலுறையை உட்புறம் வெளியே திருப்பித் துவைக்க வேண்டும், செதில் இருப்பது உட்புறத்தில்.

இவ்வளவும் செய்தும் சிலருக்கு நாற்றம் தீர்வதில்லை. அவர்களைச் சுத்தம் போதாது என்று மேலும் கண்டிப்பது அநியாயம். உள்ளங்காலில் குழி இருந்தால் கிளின்டமைசின், எரித்ரோமைசின், பியூசிடிக் அமிலம் போன்ற பூச்சு மருந்துகள் சில வாரங்களில் அதை ஆற்றும். அவற்றைத் தெரிவு செய்ய வேண்டியவர் வைத்தியர். விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி உரிந்து கடித்தால் பங்கசு எதிர்ப்பு மருந்து தேவை. பற்றீரியாப் பூச்சு அங்கே உதவாது. வெப்பமோ பதற்றமோ இல்லாமலே கால் சொட்டச் சொட்ட வியர்த்தால் அது மிகு வியர்வை என்ற தனி நோய், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் எந்த ஊறல் வைத்தியத்தையும் கேட்காமல் செய்யக் கூடாது. உணர்வு குறைந்த கால் வெந்நீரின் சூட்டை அறியாது, ஊறிய தோலின் சிறு வெடிப்பு பெரிய புண்ணாகும். உணர்வு குறைவு இங்கே இன்னொரு காரணத்துக்காகவும் கவனிக்கத் தக்கது. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இயங்கிய மாவட்டம் இது. அந்த நோய் இன்னும் முற்றாக அகலவில்லை. குழி விழுந்த இடத்தில் தொட்டால் தெரியும். தொட்டும் தெரியாத தழும்போ மரத்த பாதமோ இருந்தால் நாற்றத்தை மறந்து உடனே வைத்தியரிடம் போக வேண்டும். அருகிலுள்ள வாகரை வைத்தியசாலையில் காட்டி, தேவையானால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். தொழுநோய்க்குரிய மருந்து அரச வைத்தியசாலையில் இலவசம்.

வெறும் நாற்றத்துக்கு இத்தனை பெரிய பேச்சா என்பது கடைசி மறுப்பு. நாற்றம் தன்னளவில் யாரையும் கொல்லாது. ஆனால் அதை வளர்க்கும் ஈரம்தான் விரலிடுக்கைப் பிளக்கிறது. அந்தப் பிளவு வழியாக ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பற்றீரியா நுழைந்து காலே வீங்கிச் சிவந்து காய்ச்சலோடு படுக்க வைக்கும் செலுலைட்டிஸ் உண்டாகிறது. ஒரு வலைஞருக்கோ வயற்காரருக்கோ அது ஒரு கிழமைக் கூலி. பாடசாலைகள் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது: மழையில் நனைந்து வரும் பிள்ளை அன்றைக்குச் செருப்போடு இருக்க அனுமதிக்கலாம், இடைவேளையில் சப்பாத்தைக் கழற்றிக் காலைக் காற்றாட விடலாம், சுகாதார பாடத்தில் பல் துலக்கச் சொல்லிக்கொடுப்பது போல விரலிடுக்குத் துடைக்கவும் சொல்லிக்கொடுக்கலாம். இவை எதற்கும் பணம் தேவையில்லை. கால் மணக்கும் பிள்ளையிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உன் காலும் சப்பாத்தும் இன்றைக்கு எத்தனை மணித்தியாலம் ஈரமாக இருந்தன? அந்தக் கேள்வியில் இழிவு இல்லை, பதிலைக் குறைக்கும் வழி ஒவ்வொரு வீட்டின் கைக்குள்ளும் இருக்கிறது.